கொறையட்டும், பாப்போம்

நிறைந்திருக்கிற எதையும் அவர் நம்ப மாட்டார்.

மாதா கோயில் திருவிழாவுக்கு ஊரே திரண்டு போகும் நாளில் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பார். எல்லாம் முடிந்து, ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுகிற நாளில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். மக்ரூன் பொட்டலம் பிரித்தால் மேலே இருக்கும் முழுசான துண்டுகளை எங்களிடம் தள்ளிவிட்டு, அடியில் உதிர்ந்து கிடக்கும் தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் கடையைப் பற்றி வாயைத் திறப்பார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களை அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. யாராவது அவரிடம் ஒன்றைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரே பதில்தான் சொல்வார்.

"இப்ப ஒண்ணும் தெரியாது. கொறையட்டும், பாப்போம்."

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பல வருடம் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தவர். தெருவில் கப்பல்காரர் என்றால் போதும். சொந்தப் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன், அதனால் விட்டுவிடுகிறேன். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை அப்படியே நம்பிவிடுகிறவள். இந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒத்தே போகாது.

இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு பேரும் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் கடல்காற்று திரும்புகிற நேரத்தில் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தால், எனக்கு அவர் முகம் கூட வருவதில்லை. ஓடுகிற காருக்குள் இருக்கும் ஒரு சத்தமில்லாத சத்தம்தான் வருகிறது. கூடவே சன்னல் வழியே கடலும் பனையும் மாறி மாறிப் போவது தெரியும்.

ஊரில் மின்சாரக் கார்கள் பெருகி, அவற்றில் சில பழையதாகி விலைக்கு வரத் தொடங்கிய காலம் அது. பெட்ரோல் வண்டி என்றால் புகையைப் பார்க்கலாம், சத்தத்தைக் கேட்கலாம், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போகலாம். இதில் எல்லாமே பேட்டரிதான், அது தரைக்கடியில் மூடிக் கிடக்கிறது. வாங்கப்போகிற ஆட்கள் பயந்துபோய், கப்பலில் கரண்டோடு குடித்தனம் நடத்தியவர் என்று இவரைத் தேடி வந்தார்கள். இவரும் போவார். காசு வாங்க மாட்டார், ஆனால் எதிராளியின் பொறுமையை வாங்கிவிடுவார்.

ஒரு முறை எட்டயபுரம் ரோட்டில் பழைய கார் விற்கிற இடத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு சின்னக் கருவியை வண்டியில் செருகி, போனில் அழகாக ஒரு பச்சை வட்டத்தைக் காட்டினார். பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூற்றெட்டு சதவீதம். எனக்குப் பரம திருப்தி. இவர் போனைத் தொடக்கூட இல்லை.

"இது வண்டி தன்னப்பத்தித் தானே சொல்லுதது, அண்ணாச்சி. நான் நல்லவம்னு நானே சொல்லுத மாதிரி" என்றார் கடைக்காரரிடம்.

"அப்ப என்ன செய்யணும்ங்கீங்க?"

"கொறையட்டும்."

சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் சாப்பிடப் போனார், வந்தார், இன்னொரு வண்டியை விற்றார். இவர் உள்ளே கண்ணைப் பாதி மூடியபடி இருந்தார். கடைசியில் கடைக்காரரே கதவைத் திறந்து, "வேணும்னா ஓட்டிட்டுப் போயிட்டு வாங்க, இங்கன மட்டும் இருக்காதீங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

அவருடைய முறை இதுதான். வண்டியைக் காலியாகிற வரைக்கும் ஓட வைக்க வேண்டும். நூறிலிருந்து எழுபது வரைக்கும் எந்த பேட்டரியும் யோக்கியமாகத்தான் இருக்கும், அடிவயிற்றுக்கு வரும்போதுதான் குணம் தெரியும் என்பார். ஒன்று ஒன்றாக இறங்கினால் நல்லது. இருபதில் நின்றுகொண்டிருந்தது திடீரென்று எட்டுக்கு விழுந்தால் உள்ளே எங்கேயோ ஒரு செல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இதோடு சொந்தக்காரரிடம் சில கேள்விகள் கேட்பார். எங்கே நிறுத்துவீர்கள், நிழலா வெயிலா, எப்போது சார்ஜ் போடுவீர்கள், எவ்வளவு நேரம் செருகி வைப்பீர்கள். டாக்டர் நோயாளியிடம் கேட்பது போலத்தான் இருக்கும்.

ஆறுமுகநேரியில் ஒரு எஞ்சினியரின் கார் வந்தது. தினமும் வேலைக்கு ஓடி ஓடி மீட்டரில் நிறையக் கிலோமீட்டர் ஏறியிருந்தது. உப்பளக் காற்றில் அடிப்பக்கம் துரு, சார்ஜ் செருகுகிற இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எங்கள் பள்ளியில் பாதிப் பேர் அதை வேண்டாம் என்றார்கள். இவர் அதை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா நடந்து பழகுன காலு. வாங்குங்க" என்றார். எங்கள் இயற்பியல் டீச்சர் வாங்கினார். இன்றைக்கும் அது ஓடுகிறது.

நல்லதில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லிவிடுவார், சொந்தக்காரரின் முகத்துக்கு நேராக. கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் காரை வெயிலில் நிறுத்தி, நூறில் நிரப்பி, போர்வை போட்டு மூடி மாதக்கணக்கில் வைத்திருந்தார். "நீங்கதான் இதக் கெடுத்தது. நெறச்சு வச்சு வெயில்ல போட்டா ஓடாமலே கெழடாயிரும்லா" என்றார் இவர். அந்த மனிதரின் மகளும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள். வரும் வழியில், கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி என்றேன். பதமாகச் சொன்னால் பேட்டரி பிழைத்துக்கொள்ளுமா என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

மதினியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அப்புறம் இன்வெர்ட்டர் கதையைச் சொன்னாள்.

அவர் கப்பலில் இருந்த காலத்தில், லீவுக்கு வருகிறார் என்று தகவல் வந்தால் மதினி வீட்டில் உள்ள எல்லாவற்றையும் நிரப்பி வைப்பாளாம். தண்ணீர்த் தொட்டி, அரிசி டின், ஐஸ்பெட்டி நிறைய சீலா மீன், ஸ்கூட்டருக்கு பெட்ரோல். ஒரு தடவை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, அவளே கேன் வாங்கி வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து வாய்வரைக்கும் ஊற்றினாள். குறையக் கூடாது, அவர் வரும்போது எதுவும் குறையாக இருக்கக் கூடாது என்று. அவர் வந்து சேர்வதற்குள் அது பொங்கி வழிந்து, தரையெல்லாம் ஆசிட் தின்று, பேட்டரியும் வீணாகிவிட்டது.

"பெட்டியக் கூட எறக்கல, ஏளா. வீடு நெறய சொந்தக்காரங்க. எல்லாருக்கும் முன்னால, நல்லா இருந்தத நீயே கொன்னுட்டன்னு சொன்னாக. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன சொன்னீங்க, மதினி?"

"என்னத்தச் சொல்ல? சாப்பாடு போட்டேன்."

அன்றிலிருந்து மதினி அவருடைய சாமான் எதையும் தொடுவதில்லை. மழை பெய்தால் கொடியில் தன் சேலையை மட்டும் எடுப்பாள், அவர் சட்டை நனையும். அவர் ஸ்கூட்டர் வெயிலில் நின்றால் நிற்கும். அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தாலும் இருந்த இடத்திலேயே இருப்பாள். கோபம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள், சேர்ந்துதான் பூசைக்குப் போவார்கள். "அது அவுக சாமான்" என்பாள், அவ்வளவுதான். இதை அவர் கவனித்தாரா என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகளுக்கு அப்போது முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளால் நிமிர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ஒரு நாள் வாடகைக் கார் வல்லநாட்டுக்குப் பக்கத்தில் நின்றுபோனது. வேறு வண்டி வருகிற வரைக்கும் அவள் பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இயற்பியல் டீச்சரின் காரில் ஒரு தடவை போனபோதுதான், அந்த அதிராத ஓட்டத்தில் அவள் முகம் இறுகாமல் இருந்ததைப் பார்த்தேன். அப்படி ஒரு வண்டி வேண்டும், நெல்லை போய்த் திரும்புகிற வரைக்கும் வழியில் நிற்காத வண்டி வேண்டும். புதிது வாங்க எங்களால் ஆகாது.

காயல்பட்டினத்தில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. கணவர் வளைகுடாவில். லீவுக்கு வந்தபோது வாங்கி, அந்த லீவு முடிகிற வரைக்கும் ஓட்டிவிட்டுப் போனவர், அதன்பின் ஊருக்கு வரவே வாய்க்கவில்லை. இப்போது மனைவியை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறார், விசா வந்துவிட்டது, அதனால் விற்கிறார்கள். படத்தைப் பார்த்தேன். ஷோரூமில் நிற்பது போல நின்றது. மீட்டரில் கிலோமீட்டர் அவ்வளவு குறைவு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இவரைக் கூட்டிக்கொண்டு காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

சந்துக்குள் சந்து நுழைந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டாள். உள்ளே அனல் அடித்தது. கார் பளபளவென்று இருந்தது. சுவரிலிருந்து ஒரு ஒயர் வந்து அதன் மூக்கில் செருகியிருந்தது.

"எப்பவும் செருகியேதான் இருக்குமா?" என்று இவர் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. ஒரு நாளும் கொறைய விட்டதில்ல. அவங்க சொல்லிட்டுப் போனாங்க, வண்டிய ரெடியா வச்சிரு, ஏர்போர்ட்ல எறங்குன உடனே மணப்பாடு போயிருவோம்னு. எப்ப லீவு கெடைக்கும்னு தெரியாதுலா. அதான் நூறுலயே வச்சிருக்கேன். வெள்ளிக்கிழம தொழுதுட்டு வந்து கொஞ்ச நேரம் உள்ள உக்காருவேன். பெறகு மறுபடியும் செருகிருவேன்."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன். இவர் முகத்தையும் பார்த்தேன். இந்தப் பதிலைக் கேட்டாலே கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, வாங்க டீச்சர் போவோம் என்கிறவர். ஏனோ அன்று தகரக் கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொறையட்டும், பாப்போம்" என்றார்.

ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருக்கும் என்றதும் அந்தப் பெண் உள்ளே போய் அவள் உம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். "நானும் வரட்டுமாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். கையில் ஒரு டிபன் டப்பா தயாராக இருந்தது.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தால் நடந்ததா, கனவில் கண்டதா என்று சந்தேகமாக இருக்கிறது. நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், அவள் பின்னால். ஏசி ஓடட்டும், சீராகப் போங்கள், நம்பர் மாறும்போது மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். திருச்செந்தூர் தாண்டியதும் கடல் எங்களோடு வரத் தொடங்கியது. பனைகளுக்கு நடுவே தெரியும், மறையும், மறுபடி எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். நான் தொண்ணூறு என்பேன். அவர் ம் என்பார். கொஞ்ச தூரம் கழித்து எண்பத்தொன்பது. ம். செம்மணல் மேடான தேரி ஒரு பக்கம் தணல் மாதிரி கிடந்தது. வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை, டயர் தாரில் உரசும் சத்தம்தான்.

எப்போது என்று தெரியவில்லை, பின்னாலிருந்து அந்தப் பெண் நம்பர் சொல்ல ஆரம்பித்திருந்தாள். தஸ்பீஹ் மணியை உருட்டுவது போல மெல்லச் சொன்னாள். இந்த வண்டியில் நூறுக்குக் கீழே ஒரு எண்ணை அவள் பார்ப்பது வருடக்கணக்கில் இதுதான் முதல் தடவை. எழுபத்தாறு என்றபோது அவள் குரலில் ஒரு குறுகுறுப்பு இருந்தது, செய்யக் கூடாததைச் செய்கிற பிள்ளைக்கு வருமே, அது போல.

மணப்பாட்டில் கடலை ஒட்டி நிற்கும் கோயிலைக் காட்டி, "இங்கனதான் வருவோம். நண்டு வறுத்துக் குடுப்பாங்க, அவங்க திம்பாங்க, நான் பாத்துட்டு இருப்பேன்" என்றாள். உவரி, கூடங்குளம், காற்றாடிகள். கன்னியாகுமரியில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே அவள் கொண்டுவந்த வட்டலப்பத்தைச் சாப்பிட்டோம். இவர் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அவருக்கு அது பெரிய வார்த்தை.

திரும்பும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. எண்கள் ஒழுங்காகத்தான் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பது, இருபத்தொன்பது. என் மனசுக்குள் நான் மகளைப் பின் சீட்டில் தலையணையோடு படுக்க வைத்துப் பார்த்துவிட்டேன். வண்டியை எங்கள் வாசலில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கூட முடிவு செய்துவிட்டேன். மணப்பாட்டு விலக்கு வரும்போது இருபத்தொன்று என்றாள் அவள். அடுத்த நிமிஷமே, "பன்னெண்டு" என்றாள்.

"இருபதா?" என்றேன்.

"இல்லக்கா. பன்னெண்டுன்னு காட்டுது. இப்ப ஏழு. இது என்ன, ஆமை?"

வேகம் தானாகக் குறைந்தது. திரையில் மஞ்சளாக ஒரு ஆமை எரிந்தது, சார்ஜ் தீரப்போகிறது என்கிற அடையாளம். இவர் கையை நீட்டி ஏசியை நிறுத்தினார். "அவசரமே இல்ல டீச்சர். மெதுவா உருட்டுங்க" என்றார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வல்லநாட்டு ரோடும் மகளின் கடித்த பற்களும்தான் தெரிந்தன. குலசேகரன்பட்டினத்து ஓரத்தில் ஒரு டீக்கடைக்கு முன்னால் வண்டி வந்து சேர்ந்தது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், "கரண்டுதான, செருகுங்க" என்று பிளக்கைக் காட்டினார்.

கடை வாசலில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மஞ்சள் வேட்டி, கொப்புளம் கட்டிய கால்கள். அதில் வயசான ஒருத்தர் நடக்க முடியாமல் படுத்திருந்தார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்தா பாருங்க" என்றார் இவர் அந்தப் பெண்ணிடம். "கூட்டமாப் போறதுல ஒருத்தர் உக்காந்துட்டா எல்லாரும் நிக்கணும்லா. பேட்டரியும் அப்படித்தான். உள்ள ஒரு செல்லு உக்காந்துட்டு."

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். பயம் அவள் முகத்தில் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன்.

"ஏன் அப்படி ஆச்சு அண்ணாச்சி? நான் சரியாத்தான வச்சிருந்தேன்? அவங்க கேப்பாங்க. அங்க போய் எறங்குன ஒடனே, வண்டிய எப்படி வச்சிருந்தன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

எனக்கு அவர் என்ன சொல்வார் என்று தெரியும். நெறச்சு வச்சு வெயில்ல போட்டா. கோவில்பட்டிக்காரரின் மருமகன் முகம் நினைவுக்கு வந்தது. இவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் அந்தக் காரையே பார்த்தார். புது மாதிரி துடைத்து வைத்திருந்த அதன் கண்ணாடியில் சாயங்காலம் முழுசும் தெரிந்தது.

"அவருக்குப் போன் போடும்மா" என்றார்.

வீடியோவில் கணவர் வந்தார். தலையில் வேலைத் தொப்பி, பின்னால் ஏதோ இரும்புச் சட்டங்கள். இவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நான் தூத்துக்குடிலேர்ந்து வண்டி பாக்க வந்தவன். கப்பல்ல இருந்தவன், பேட்டரியோடயே கெடந்தவன், அதனால சொல்லுதேன். ஒங்க வீட்ல வண்டிய அருமையா வச்சிருக்காங்க. இத மாதிரி வச்சிருந்து நான் பாத்ததில்ல. ஆனா உள்ள ஒரு செல்லு பொறப்புலயே மோசம். யாரு வச்சிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். வாரண்டி இருக்குலா? கம்பெனில சொல்லிப் பாக்கச் சொல்லுங்க. மாத்துன பெறகு வித்தாப் போதும். இப்ப வித்தா வாங்குதவனுக்குப் பாவம்."

அந்தப் பக்கம் கணவர் என்னவோ கேட்டார். இவர், "இல்ல இல்ல, அவங்க செஞ்சதுல ஒண்ணும் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். போனை அவளிடம் கொடுத்தார். அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினாள். பேச்சுக்கு நடுவே சிரித்தாள். பாதயாத்திரைக் கூட்டம் எழுந்து, அந்தப் பெரியவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து போனது.

கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் வண்டியையும் அவளையும் காயல்பட்டினத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது கேட்டேன்.

"அண்ணாச்சி, அது பொறப்புலயே மோசமான செல்லுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல. எனக்கென்ன தெரியும்."

"அப்ப?"

"சும்மா சொன்னேன், டீச்சர்."

வெளியே உப்பளங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாத்திகளில் நின்ற தண்ணீரில் வானம் சிவந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை அன்று எனக்கு எவ்வளவு பிடித்தது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஊருக்குள் நுழையும்போது, "அங்க போயி எறங்குத அன்னைக்கு, மொத வார்த்த அதுவா இருக்கக் கூடாதுலா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, யார் மேல் தப்பு என்றெல்லாம் கேட்காமல் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் முதலில் எனக்குத்தான் போன் செய்தாள். இவர் மறுபடி ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்து, சரி என்றார். அந்தக் கார்தான் இப்போது என் வாசலில் நிற்கிறது. மகளுக்கு முதுகு நன்றாகிவிட்டது, அவளே ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். நம்பர் இருபதுக்குக் கீழே போகும்போதெல்லாம் சத்தமாக எண்ணிக்கொண்டே ஓட்டுவேன். ஒன்று ஒன்றாகத்தான் இறங்குகிறது.

ஆனால் அவரை நினைக்கும்போது நான் கடைசியில் வந்து நிற்பது அந்த முதல் பயணத்தின் சாயங்காலத்தில்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் ஒரு பேட்டரிக் கடைக்குள் நுழைந்து, கையில் ஒரு கேனோடு வந்தார். வீட்டுக்கு வந்தோம். மதினி கேட்டில் நின்று, வண்டி கிடைத்ததா என்று என்னிடம் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். இவர் கேனை மதினி கையில் கொடுத்தார்.

"என்ன இது?"

"டிஸ்டில் வாட்டர். இன்வெர்ட்டருக்கு ஊத்தணும்."

"அது ஒங்க சாமான்" என்று மதினி கேனைத் திருப்பி நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "நீ ஊத்து, ஏளா" என்றார்.

மதினி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் வராந்தா மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, முதல் மூடியைத் திருகினாள். "எவ்வளவு ஊத்த?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"ஒனக்குப் போதும்னு தோணுத மட்டும்."

"நெறஞ்சிட்டுன்னா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமலே வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"நெறஞ்சா நெறையட்டும்."

மதினி ஊற்றினாள். உள்ளே இருக்கும் மிதவை மெல்ல எழும்பிப் பச்சைக் கோட்டுக்கு வந்தது. கோட்டுக்குச் சரியாக, ஒரு சொட்டு கூட மேலே போகாமல் நிறுத்தினாள். அடுத்த மூடி, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அப்படியே. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கு எத்தனையோ வருடமாகத் தெரிந்திருக்கிறது. கடைசி மூடியையும் இறுக்கிவிட்டு, முந்தானையால் பேட்டரியின் மேலே இருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு எழுந்து போய், கொடியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து மடித்தாள்.